குடும்பத்தில் சிறந்தவன்

என் மகனின் வாப்பாவுக்கு,

நீங்கள் தொலைக்காட்சியில் பேசியதை ஊரே கேட்டது. உங்கள் தம்பி ஹிஷ்மத், ஷம்ரூக் வீட்டு இளையவனை வெட்டிக் கொன்றதைப் பற்றி அங்கே உங்களிடம் கேட்டார்கள். "கொன்றவன்தான் பொறுப்பு. மனிதன் தனி ஆள். எனக்குக் குலமும் இல்லை, குடும்பமும் இல்லை" என்றீர்கள். கெய்ரோவில் கைதட்டியிருப்பார்கள்.

இங்கே பழிவாங்க வருகிறவர்கள் கொலைகாரனைத் தேடுவதில்லை, அந்தக் குடும்பத்தில் சிறந்தவனைத்தான் தேடுவார்கள். உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பேச்சுவரை அது நீங்கள்தான்.

நேற்று ஷம்ரூக் வீட்டார் துப்பாக்கிகளோடு வந்தார்கள். உங்களைத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்து, "பேராசிரியர் இங்க இல்ல" என்றேன்.

செத்தவனின் அண்ணன் சிரித்தான். "அந்தாளு யாருக்கு வேணும்? குடும்பமே இல்லன்னு அவனே சொல்லிட்டானே. அவனச் சுட்டா எங்களுக்குத்தான் கேவலம். டாக்டருக்குப் படிக்கிறானே உன் மவன், அவன் எங்க?"

லீவுக்கு வந்திருந்த ஷாத்லி முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கண்ணில் சோப்பு. யார் வந்தது என்றுகூட அவன் பார்க்கவில்லை. நுரை சிவந்து என் கால்வரை ஓடி வந்தது.

அடக்கத்துக்கு வராதீர்கள். அவன் கிடக்கும் சந்தூக்கைத் தூக்க நாலு தோள் வேண்டும். தனி ஆளுக்கு அங்கே வேலையில்லை.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்