மல்லிக்கு ஊசி போட்ட காலை

அண்ணே,

இன்று காலை என் மகளுக்கு மூக்கடைப்பு. கொதிக்கும் தண்ணீரில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு, போர்வையால் அவள் தலையை மூடினேன். அந்த வாசனை எழுந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. இதே தைலம் விட்ட வெந்நீர் வாளியைச் சாக்கால் சுற்றி, குதிரை மல்லியின் மூக்குக்கு நேரே நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கண்ணில் வந்தது. நீங்கள் இல்லை என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

வடக்கே குதிரைகளுக்குச் சளிக்காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்த வருஷம் அது. ஆவடி தாண்டி இருந்த அந்த லாயத்தில் பதினொரு குதிரைகள். எல்லாமே தடை தாண்டும் போட்டிக்குப் போகிறவை. நான் வாரம் இருமுறை வந்துபோகும் மருத்துவன். நீங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டு அவற்றோடேயே கிடந்தவர். காகிதத்தில் நீளமான ஆங்கிலப் பெயர் கொண்ட சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை, உங்களுக்கு மட்டும் மல்லி.

தடுப்பூசி ஐஸ் பெட்டியில் வந்த காலையில் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தினீர்கள். கழுத்தைத் தடவிக்கொண்டே ஏதோ பேசுவீர்கள். நான் குத்தியதே அவற்றுக்குத் தெரியாது. மல்லியின் முறை வந்தபோது என்னைத் தடுத்தீர்கள்.

"இதுக்கு இன்னிக்கு வேணாம் டாக்டரே. காலைல தண்ணி குடிக்கல. கண்ணு சரியா இல்ல."

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. "ஒண்ணுமில்லண்ணே, பிடிங்க" என்றேன். பிடித்தீர்கள்.

ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்று சொல்லியிருந்தவனே நான்தான். முதலாளி வந்து, "பத்து நாள்ல போட்டி. கட்டிப்போட்டா எப்படி டாக்டர் தாண்டும்?" என்று கேட்டதும், "லேசா ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த லாயத்து வேலை என் கைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதை விட்டுவிடப் பயம். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

மறுநாளே அவளைத் தாண்டவிட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி, வறட்டு இருமல் பிடித்தது. நான் ஊசி போடும் முன்பே நோய் அவளுக்குள் வந்திருந்தது. ஓய்வு கிடைத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள். ஓட்டியதில் அது நுரையீரலில் இறங்கிவிட்டது. எட்டு நாள் நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை. வெல்லத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி அவள் வாயருகே நீட்டுவீர்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் அவள் கீழே படுத்தாள். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "எந்திரி கண்ணு, நான் கீறேன்ல" என்றீர்கள். மூச்சு நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அன்று மாலை எல்லோர் முன்னிலையிலும், "இருமலை மறைச்சு வெச்சிட்டான்" என்று முதலாளி உங்களைப் போகச் சொன்னார். நான் இரண்டடி தள்ளி மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். "இவர் அன்றைக்கே சொன்னார், நான்தான் கேட்கவில்லை." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை. நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தீர்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து, மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் உங்களைக் காவலாளி உடுப்பில் பார்த்தேன். நீங்கள்தான் முதலில் கூப்பிட்டீர்கள். "இன்னா டாக்டரே, எளச்சிப் போயிட்ட?" டீ வாங்கிக் கொடுத்தீர்கள். கிளாஸ் பாதி காலியான பிறகுதான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, அன்னிக்கு நான்…"

"வுடு டாக்டரே. புடிச்சிக் குட்த்தது நான்தானே. முடியாதுன்னு நின்னிருக்கணும்."

என் தவறில் பாதியை எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். "இல்லண்ணே" என்றுகூடச் சொல்லாமல் மீதி டீயைக் குடித்தேன்.

போன வாரம் கொரட்டூர் ஸ்டேஷனில், அந்த எட்டு நாளும் லாயத்துக்கு உங்களுக்குச் சோறு கொண்டுவந்த உங்கள் தம்பியைப் பார்த்தேன். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது என்றார். அங்கேயே, பெஞ்சில் உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"குதிர சீக்குல பூட்ச்சி, அதான் வேல போச்சின்னு சொல்லிக்கீறாரு. உங்க பேர எடுத்ததே இல்ல சார்."

ரயில் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். நான் ஏறவில்லை. யாரிடமும் நீங்கள் சொல்லாமல் விட்ட என் பெயரை, அண்ணே, இப்போது நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.