தையில் வைத்த கல்யாணம்

பெங்களூர், 14.10.1987

அன்புள்ள அம்மாவுக்கு மாதம்மாள் வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா?

போன மாதம் என் கால் வீங்கியது. பயப்படாதீர்கள், இப்போது நடக்கிறேன், அலுப்புதான் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள், ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற ஒன்று பிறவியிலேயே அதிகமாம். அது ரத்தத்தை உறைய வைக்குமாம், கவனிக்காவிட்டால் சிறுநீரகமும் கெடுமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

"அப்பா அம்மா சொந்தமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அம்மாவோட தாய்மாமன்தாங்க அப்பா."

"உனக்கும் மாமன் ரெடியா இருக்கானா?" என்று சிரித்தார். நான் தலையாட்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கும் வரலாமாம்.

பென்னாகரத்திலிருந்து வருகிறவர்களிடம் உங்கள் பழைய புடவை ஒன்று கொடுத்தனுப்புங்கள், போர்த்திக்கொள்ள.

தையில் வைத்த கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள் அம்மா. அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. வேலைவீட்டம்மா கூப்பிடுகிறார்.

சின்ன மாமாவை எனக்குப் பிடிக்கும். அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாதம்மாள்