டிராக்டரைப் பூமியில் திருகிய கதை

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டில் இனி வரப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, வலது கையை டிராக்டர் டயர் மேல் வைத்து சத்தியம் செய்கிறேன். அந்தச் சத்தியத்தையே நம்பாதே என்பாள் என் மனைவி. படிக்காமலே சொல்வாள்.

முதலில் அறிமுகம். எழுதுகிறவன் சாதாரண ஆள் இல்லை. இந்த வட்டாரத்தில் எந்த ஆடு எந்தப் பக்கம் மேயலாம் என்று தீர்மானிக்கிறவன். வேலி ஒப்பந்தக்காரன். கம்பம் நடுவேன், கம்பி இழுப்பேன், குறுக்கே மரம் நின்றால் வெட்டி இறக்குவேன். நான் இழுத்துக் கட்டிய கம்பியில் ஒருமுறை மின்னலே வந்து உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போயிற்று.

என் சேனை: ஒரு டிராக்டர், இருமல் பிடித்த ஒரு வேன், கம்பியார். கம்பியாருக்குக் கம்பி முறுக்குவதில் தாராளம், பேச்சில் கஞ்சத்தனம். அப்புறம் என் அண்ணன் மகள். மரம் ஏறுவது அவள் பொறுப்பு. இடுப்பில் பெல்ட்டும் தோளில் கயிறுமாக அவள் ஏறினால் அணில்கள் ஓரமாக ஒதுங்கி வழி விடும்.

இன்று வேலைக்கு நடுவே தேநீர் குடிக்கும்போது சொன்னாள். நகரத்து மரம் வெட்டும் கம்பெனி அவளைக் கூப்பிட்டிருக்கிறதாம். ஆளைத் தூக்கி உச்சிக்குக் கொண்டுபோகும் லிஃப்ட் வண்டி வைத்திருக்கிற பெரிய கம்பெனி. மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"போயேன், யாரு வேண்டாம்னா?" என்று சிரித்தேன்.

சிரிப்பு சரியாக வரவில்லை. தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

மந்திராலோசனை. இடம்: வேனின் பின்பக்கம். பொருள்: கையிருப்பில் ஒரு மெஷின் வாங்கலாம், எதை வாங்குவது?

எனக்கு ஆசை குழி போடும் மெஷின் மேல். டிராக்டர் பின்னால் மாட்டுவது. ஆள் உயரத் திருகு. அதைச் சுற்றவிட்டுத் தரையில் இறக்கினால் கம்பத்துக்குக் குழி ரெடி. கடப்பாரைக்கு ஓய்வு, என் முதுகுக்கு விடுதலை.

அவள் கேட்டது ஒரு பேட்டரி ரம்பம். ஒரு கையில் அடங்கும், மரத்தின் மேல் வைத்து அறுக்கிற சின்ன ரம்பம்.

"பேட்டரியா? பொம்மைக் காருக்குப் போடற சாமானா?" என்றேன்.

"கிளையில தொங்கிக்கிட்டு, கயிறை இழுத்து இழுத்து பெட்ரோல் ரம்பத்த ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சித்தப்பா. அப்பறம் பேசுங்க."

"நான் மரத்துல ஏறினா மரம் தாங்காது."

"மரம் தாங்கும். மரத்துக்கு இருக்கற பொறுமை எனக்கு இல்ல."

கம்பியார் சிரித்தார். அவர் இந்த வருஷத்தில் சிரித்தது அது ஒன்றுதான்.

"சரி, வாங்கித் தந்தா இங்கயே இருப்பியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் முகம் மாறிவிட்டது.

"ரம்பத்துக்காகவா போறேன்னு நெனச்சீங்க? நான் சொல்றது இங்க யார் காதுலயாவது விழுதான்னு பாக்கறேன். அவ்ளோதான்."

மார்ச் 9, திங்கள்

வாங்கிவிட்டேன். குழி போடும் மெஷின். யாரையும் கேட்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பட்டாபிஷேகம் போல டிராக்டரில் மாட்டி, வாசலில் நிறுத்தினேன். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடினாள்.

அண்ணன் மகள் வந்தாள். திட்டுவாள் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவளோ மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தளர்ந்திருந்த ஒரு போல்ட்டை முடுக்கினாள். "இது பின்பக்கமா சுத்தாது, இல்ல?" என்றாள்.

"சக்கரவர்த்திகள் பின்வாங்குவதில்லை."

"ஈர மண்ணுல பாத்து இறக்குங்க. கொஞ்சம் இறக்கணும், தூக்கி மண்ண உதறணும், மறுபடி இறக்கணும். ஒரேயடியா விட்டீங்கன்னா திருகாணி மாதிரி உள்ள போயிடும்."

"சரி சரி."

அந்தச் 'சரி சரி'யை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 14, சனி

டீச்சரம்மாவின் ஆட்டுப்பண்ணையில் வேலி வேலை ஆரம்பம். டீச்சரம்மா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று ஆடு வளர்க்கிறவர். ஆடுகளும் வரிசையாகத்தான் நிற்கின்றன.

மெஷின் என்ன வேகம்! குழிக்குள் எட்டிப் பார்த்தால் பூமியின் மறுபக்கத்து நட்சத்திரங்கள் மினுக்கின. கம்பியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தெரியல" என்றார். அவருக்குக் கிட்டப்பார்வை.

இந்த நூற்றாண்டின் தலைசிறந்த குழிகள். யாராவது வந்து படம் எடுத்துப் போனால் நல்லது.

மார்ச் 17, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று பெய்த மழையில் களிமண் ஊறிக் கிடந்தது. வேலிக்கோட்டின் மூலையில், புயலில் சாய்ந்த ஒரு பெரிய மரம். அதன் மேல் உட்கார்ந்து அவள் எங்களிடமிருந்த சின்னப் பெட்ரோல் ரம்பத்தால் கிளை கழித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி நான் குழி போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இறக்கு, தூக்கு, உதறு — அதெல்லாம் சாமானியர்களுக்கு. நான் ஒரே மூச்சில் இறக்கினேன்.

மேலேயிருந்து அவள் கையை வீசி ஏதோ கத்தினாள். எனக்கு டிராக்டர் சத்தம்தான் கேட்டது. என் வேகத்தைப் பார்த்துப் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். கம்பீரமாகக் கையசைத்தேன்.

அப்போது திருகு மண்ணைக் கவ்வியது. உள்ளே, இன்னும் உள்ளே, கழுத்து வரை. டிராக்டரின் பின்பக்கம் மெல்லத் தரையில் குந்தியது. 'டங்' என்று ஒரு போல்ட் முறிந்தது. என்ஜினை நிறுத்தினேன்.

டிராக்டரைப் பூமியோடு சேர்த்துத் திருகிவிட்டேன். இனி இந்த உலகத்தை எங்காவது நகர்த்த வேண்டுமானால் என் டிராக்டரைப் பிடித்துத் தூக்கினால் போதும்.

டீச்சரம்மா வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது இங்கயேதான் இருக்குமா தம்பி? இருந்தா சுத்தி வேலி போட்டுருங்க. இல்லேன்னா ஆடு ஏறும்."

ஒரு ஆடு ஏற்கெனவே என் சீட்டில் உட்கார்ந்திருந்தது. ஸ்டியரிங்கை மென்றுகொண்டிருந்தது. என்னைவிட நன்றாக ஓட்டியிருக்கும்.

அண்ணன் மகள் மரத்திலிருந்து இறங்கி வந்தாள். "சொன்னேனா இல்லியா" என்று கேட்கவில்லை. "பெரிய பைப் ஸ்பானர் எங்க?" என்றாள்.

திருகின் கழுத்தில் ஸ்பானரை மாட்டி, அதன் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகினாள். குழாயைப் பிடித்துக்கொண்டு அவள், நான், கம்பியார் மூவரும் எதிர்ப்பக்கமாகச் சுற்றி நடந்தோம். செக்குமாடு தோற்றது. டீச்சரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

சுற்றும்போது கேட்டேன்: "மேலேர்ந்து என்ன கத்தின?"

"தூக்குங்க, தூக்குங்கன்னு கத்தினேன். நீங்க டாட்டா காட்டுனீங்க."

கம்பியார் தும்மினார். சிரிப்பை மறைத்தார் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு சுற்று நடந்தபின் அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எனக்கும் ரம்பச் சத்தத்துல கீழ நீங்க பேசறது கேக்காது சித்தப்பா. இன்னிக்கு ஒரு குழியோட போச்சு. நாளைக்கு ஒரு கிளை கீழ வர்றப்ப நான் கத்தி, நீங்க டாட்டா காட்டுனா?"

திருகு வெளியே வந்தது.

மார்ச் 18, புதன்

காலையிலிருந்து மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது. அவ கத்தினா. நீ கை ஆட்டுன. சக்கரவர்த்தியாம், சக்கரவர்த்தி! கிளையா இருந்திருந்தா? கம்பியார் கீழ நின்னிருந்தா? வாங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டா உன் கிரீடம் கழண்டு விழுந்துடுமா?

என் மனைவியிடம் சொன்னேன். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "ஏங்க, ரம்பத்த நீங்க வாங்கிக் குடுங்க. காத நான் சுத்தம் பண்ணி விடறேன்" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். குழி மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"எதுக்கு? அது நல்ல மெஷின். ஓட்டறவருக்குத்தான் சர்வீஸ் பண்ணணும்."

கையிருப்பு தீர்ந்திருந்தது, வேறு வழியில்லை. என் பெரிய பெட்ரோல் ரம்பத்தை மாற்றாகக் கொடுத்தேன். அது என் பட்டத்து யானை. அதை இயக்கினால் அடுத்த ஊரில் குழந்தைகள் அழும். அவளால் மரத்தின் மேல் அதைத் தூக்க முடியாது, தரையில் கம்பியாருக்கு முதுகு வலி. அதைச் சுமக்க முடிந்த ஒரே ஆள் நான். எனக்கோ அதைச் சுமந்து நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு மட்டுமே பொழுது இருந்தது.

கடைக்காரர் ரம்பங்களை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் ஒரு கையில் தூக்கிப் பார்த்து, பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உலக வரலாற்றில் ஒரு சித்தப்பா இவ்வளவு நேரம் சும்மா இருந்ததாகத் தகவல் இல்லை. கடைக்காரர் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

மார்ச் 24, செவ்வாய்

என்ன நாள்! என்ன நாள்!

சாய்ந்த மரத்தை இறக்கினோம். அவள் மேலே, கயிற்றின் மறுமுனையோடு நான் கீழே, இடையில் அந்தக் குட்டி ரம்பம். அறுக்கும்போது மட்டும் வண்டு மாதிரி 'ர்ர்' என்கிறது, விரலை எடுத்தால் மௌனம். அந்த மௌனத்தில் பேச்சு.

"சித்தப்பா, கயிறை இறுக்குங்க!"

"இறுக்கியாச்சு!"

"விடுங்க… மெதுவா… நிறுத்துங்க!"

நிறுத்தினேன். சொன்ன நொடியில் நிறுத்தினேன்! ஒரு கிளை என் தலைக்கு மேலே ஊஞ்சல் மாதிரி நின்று, அப்புறம் பூப்போல இறங்கியது. கிளை தரையைத் தொடுவதற்குள் ஆடுகள் இலையைத் தீர்த்துவிட்டன.

"என்ன இன்னிக்கு சொன்னதெல்லாம் கேக்கறீங்க?"

"வீட்டுல காது சுத்தம் பண்ணிட்டாங்க."

அவள் சிரித்ததில் மரம் ஆடியது. இது மிகை இல்லை. அதுதான் ஏற்கெனவே சாய்ந்த மரமாயிற்றே.

மத்தியானம் மிச்சக் குழிகளைப் போட்டேன். கொஞ்சம் இறக்கினேன், தூக்கினேன், உதறினேன். நட்சத்திரம் தெரியவில்லை. குழி நன்றாக இருந்தது.

மார்ச் 30, திங்கள்

டீச்சரம்மாவின் வேலி முடிந்தது. இன்று வேறு இடம்: ஒரு வீட்டுக் கூரைமேல் படர்ந்த மரம். அவள் உச்சியில் இருந்தாள். நாளையோடு மாசம் முடிகிறது. நான் கேட்கவில்லை. நாக்கின் நுனிவரை வந்ததைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

அவள் ஃபோன் அடித்தது. நகரத்து மேனேஜர். ரம்பம் ஓய்ந்திருந்ததால் கீழே எல்லாம் கேட்டது.

"இல்ல சார், வர முடியாது… லிஃப்ட் வண்டி நல்லாத்தான் சார் இருக்கு… இல்ல, இங்க அடுத்த மாசம் எங்களுக்கு வேலை ஜாஸ்தி. அடிக்கட்டையத் தோண்டற மெஷின் வேற ஒண்ணு பாக்கணும். அத நான்தான் பாக்கணும், சித்தப்பாவ நம்பி விட முடியாது."

வைத்துவிட்டு, "கீழ என்ன சத்தமே இல்ல?" என்றாள்.

"கண்ணுல தூசி" என்றேன். கம்பியாரும் தூசி என்றார். கேட்காமலே.

ஏப்ரல் 2, வியாழன்

அடிக்கட்டை மெஷின் பார்க்கக் கடைக்குப் போனோம். எனக்குப் பிடித்தது சிவப்பு நிறத்தில் ஒன்று. "வேண்டாம்" என்றாள். "சரி" என்றேன், ஒரே ஒரு தடவை.

நட்சத்திரம் தெரிந்தது, மின்னல் இளைப்பாறியது, ஆடு ஸ்டியரிங்கைப் பிடித்தது, இதையெல்லாம் யாரும் நம்பக் கட்டாயமில்லை. நானே பாதிதான் நம்புகிறேன். ஆனால் திங்கட்கிழமை அவள் ஃபோனில் பேசி முடிக்கும்வரை, கிளை எதுவும் கட்டியிராத கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தேன். அது மட்டும் நிஜமாகவே நடந்தது.