சில்வர் பூசிய சக்கரம்

பள்ளிவாசல்,
செப்டம்பர் 1977

அன்பு மகள் ரோசிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கருணையில் நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஆசுபத்திரி வேலை முடிந்து ஒழுங்காகத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. உன் தம்பி ஏசுதாசுக்கு ஃபேக்டரியில் ஷிப்டு மாறிவிட்டது, சளியும் தீர்ந்தது. உன்னோடு வேலை பார்க்கிற பெண் லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. சேலை, சோப்பு எல்லாம் நல்லது. ஆனால் அதற்குள் இருந்த பெயின்ட் டப்பாக்கள் இருக்கிறதே, அவை வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி கிடையாது.

உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பாவின் டாக்சி சக்கரமெல்லாம் துருவேறிக் கிடக்கிறது, மூணாறு ஸ்டாண்டில் டூரிஸ்டுகள் பளபளப்பான வண்டியாகப் பார்த்து ஏறிப் போகிறார்கள் என்று அவர் புலம்பி எழுதியதற்கு நீ ஆசையாக அனுப்பினாய். அமுக்கினால் புகை மாதிரிப் பீச்சுகிற பெயின்ட்டை இந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் யாரும் பார்த்ததில்லை, வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேறு. கொஞ்சம் வெயில் வரட்டும் என்றேன், கேட்டால்தானே. அம்பாசடரைக் கல் மேல் ஏற்றி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி வாசலில் போட்டு, டயருக்கெல்லாம் பேப்பர் ஒட்டி, மூடுபனி முகத்தில் அடிக்கிற நேரத்தில் பீச்சினார். பூசினது காயாமல் பால் திரிந்த மாதிரி வெளுத்து, தோலாகச் சுருங்கிப் போனது. உடனே பெயின்ட் மோசம், குவைத்துக் கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்று கத்தல். அதோடு விட்டாரா, அடுப்புச் சூட்டில் காயும் என்று சக்கரத்தை அடுப்படிக்கே உருட்டிக்கொண்டு வந்து, அங்கேயே பீச்சப் போனார். டப்பாவில் நெருப்புப் படம் போட்டிருக்குப்பா, வெடிச்சிரும் என்று ஏசுதாஸ் சொன்னதற்கு அவனை அடிக்காத குறை. நான் ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைத்துவிட்டேன். அன்றைக்கு யாருக்கும் சோறு இல்லை. பூசினதையெல்லாம் உப்புத்தாள் வைத்துச் சுரண்டி எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. என் சிவப்புக் கோழி இன்னும் ஒரு பக்கம் வெள்ளியாகத்தான் திரிகிறது. இதோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

சுரண்டிக்கொண்டிருந்தது ஏசுதாஸ். ஒரு சக்கரத்தில் நட்டு மாட்டுகிற ஓட்டையிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடுவதைப் பார்த்துவிட்டான். மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்பைப் பூசினான், கொஞ்ச நேரத்தில் உள்ளே இறங்கியிருந்த மண்ணெண்ணெய் அந்தக் கோடு முழுக்க ஈரமாகக் கசிந்து வந்தது. அப்பா இது வெடிப்பு, இதை மாட்டக்கூடாது என்று காட்டினான். உன் அப்பா குனிந்து பார்த்தார், பார்த்ததும் அவர் முகம் செத்துப் போனதை நான் கண்ணால் கண்டேன். தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வராது. ஏலே அது துருக்கோடுலே, வண்டியப் பத்தி எனக்கே பாடம் எடுக்கியா என்று சொல்லி அவன் கையிலிருந்த சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டார். ஸ்டெப்னியைப் போடலாம் என்றால் அது எப்போதோ பள்ளத்தில் விழுந்து நெளிந்து கிடக்கிறது. வேறு சக்கரம் வேண்டுமானால் கோதமங்கலம் போகவேண்டும், அதுவரை வண்டி நிற்கவேண்டும், ஸ்டாண்டில் தன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்ற பயம் அவருக்கு. மறுநாள் அதிசயமாக வெயில் அடித்தது. தள்ளி நின்று மெல்லிசாக, ஒன்று காய்ந்தபிறகு அதன்மேல் இன்னொன்றாகப் பீச்சினார். அப்படி ஒரு பளபளப்பு ரோசி, முகம் பார்க்கலாம். வெடிப்பு எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பின்னால் மாட்டி நாலு நாள் ஸ்டாண்டுக்கும் ஓட்டினார்.

கடைசி வீட்டு மாரித்தாய் மகள் சந்தனத்துக்கு இது நிறை மாசம். குழந்தை தலை திரும்பவில்லை, முன்கூட்டியே கோதமங்கலம் ஆசுபத்திரியில் சேர்த்துவிடு என்று டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டார்கள். மாரித்தாய் வந்து கேட்டதும் உன் அப்பா சரி என்றுவிட்டார். நேரியமங்கலம் இறக்கத்தில் அந்தச் சக்கரத்தோடா போவீர்கள் என்று அழாத குறையாகக் கேட்டேன். நான் ஸ்டீரிங் புடிக்கையில நீ பாவாட கட்டித் திரிஞ்ச, மெதுவாத்தான் போவேன், வாய மூடுட்டி என்றார். காலையில் சந்தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மாரித்தாய் பையை வைத்துக்கொண்டே, பாஸ்கலண்ணே, சக்கரமெல்லாம் கல்யாண வண்டி கணக்கா மின்னுது என்றாள். அதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே ஓடிப் போய் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்து வந்து, அந்தப் பின் சக்கரத்துக்கு முன்னால் மண்டி போட்டு, நட்டுகளை மூடியிருந்த கப்பை நெம்பித் தள்ளிவிட்டுச் சுரண்டினேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார், நான் விடவில்லை. சில்வர் உரிந்து இரும்பு தெரிந்தது, முன்பு ஒரு ஓட்டையோடு நின்ற வெடிப்பு அடுத்த ஓட்டை வரை போயிருந்தது. மாரித்தாய் குனிந்து பார்த்தாள். அண்ணே, எம்புள்ளய இதுலயா ஏத்துனீய என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள், மகளைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டாள். ஏசுதாஸ் ஃபேக்டரிக்கு ஓடி எஸ்டேட் ஜீப்பைக் கேட்டுக் கொண்டுவந்தான். கடவுள் புண்ணியம், ஆபரேஷன் செய்து பெண் குழந்தை, இரண்டு உயிரும் நலம்.

அதற்குப் பிறகு உன் அப்பாவுக்கு என்னோடு பேச்சில்லை. சாப்பாடு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் ஸ்டாண்டுக்குப் போகும் முன்னமே கதை போய்விட்டது, யாரும் அவரை ஓட்டத்துக்குக் கூப்பிடவில்லை. ஊரில் எல்லாரும் மதலேனம்மாள் நல்ல காரியம் செய்தாள் என்கிறார்கள், அதை வைத்து நான் என்ன செய்ய, வண்டி வாசலில் நின்றது. எரிச்சலில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன், அவ்வளவுதான். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், சாக்கில் சுற்றி ஒரு பழைய கறுப்புச் சக்கரம் கொண்டுவந்தார். ஏசுதாஸ் அதற்கும் மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தான், இந்தத் தடவை அவரே சக்கரத்தைப் பிடித்துக்கொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை மாரித்தாய் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சந்தனத்தையும் குழந்தையையும் வீட்டுக்குக் கூட்டிவர அவரைத்தான் கூப்பிட வந்திருக்கிறாள். மத்தவன் வண்டி எப்பிடி இருக்குன்னு எனக்கு என்னண்ணே தெரியும், உங்க வண்டின்னா அக்கா பாத்துக்கிடும் என்று என்னைக் காட்டிச் சொன்னாள். அவள் போனபிறகு அவர் அடுப்படி நிலையில் வந்து நின்று, ஏட்டி வந்து பாரு, நீ பாத்துச் சொன்னாத்தான் எடுப்பேன் என்றார். கேலியா மெய்யா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. போய் ஒவ்வொரு சக்கரமாகக் கப்பை எடுக்கச் சொல்லிக் கையால் தடவிப் பார்த்தேன், போங்க என்றேன். குழந்தையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். கறுகறுவென்று தலைமுடி, நல்ல பிள்ளை.

நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, கண்டிப்பாகவே எழுது, மகள் சொன்னால் உறைக்கும். பெயின்ட் கியின்ட் இனி ஒன்றும் அனுப்பாதே. உன் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாயா இல்லையா என்பதை மறக்காமல் எழுது, நர்சாக இருந்துகொண்டு கிராம்பை வைத்துச் சமாளிக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள், போகும்போதும் வரும்போதும் துணையிருப்பாள். இன்னும் எழுதலாம், ஆனால் வாசலில் ஹாரன் அடிக்கிறது. இப்போதெல்லாம் வாய் திறந்து கூப்பிடமாட்டார், நான் போய்ச் சக்கரத்தைப் பார்க்கிறவரை விடாமல் ஹாரன்தான்.

உன் அன்பு அம்மா,
மதலேனம்மாள்