தீப்பெட்டி இருக்கா?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான்.

சிகரெட்டை விட்டு இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. பிடித்ததையே சொல்லாதவன் விட்டதை எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

போன வாரம் கிடங்கில் சிகரெட் நினைப்பிலேயே ஒரு பெட்டியைக் கீழே போட்டேன். பயப்படாதீர்கள், உள்ளே இருந்தது தலையணை. கிரேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் நானும் ஒரே நாளில் விட்டவர்கள். டீ நேரத்தில் பழையபடி பின்வாசலில் போய் நிற்போம்.

"தீப்பெட்டி இருக்கா?" என்பார்.

"இல்லண்ணே. உங்ககிட்ட?"

"எங்கிட்டயும் இல்ல. வா, போலாம்."

இந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லக்கூடாது என்று எங்களுக்குள் பேச்சு. அதை வைத்துத்தான் நாட்களை ஓட்டினேன். வெள்ளிக்கிழமையோடு அவர் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். இப்போது தனியாக நின்றுவிட்டு வருகிறேன்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் வாயில் போட்டு மெல்லக் கொஞ்சம் கிராம்பும், என் பழைய போர்வையும் கொடுத்தனுப்புங்கள்.

இன்னொன்று அப்பா. தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் நீங்கள் பீடிக்கட்டு வைப்பது எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். எடுத்ததும் தீப்பெட்டி இருக்கிறதா என்று என்னைக் கேளுங்கள். பிறகு நானும் உங்களைக் கேட்பேன்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்