தூணில் பூத்த உப்பு

1967 ஓகஸ்ட் 3, வியாழன்

சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. மழைக் குணமே இல்லை. பள்ளிக்கூட லீவு, ஆனால் எனக்கு லீவு இல்லை.

காலையில் பங்குச் சுவாமி கூப்பிட்டு, உரோமாபுரியில் படித்தபோது வாங்கிய தபாலட்டை ஒன்றைக் காட்டினார். ஒரு பழைய கோயிலின் உட்பக்கம். முறுக்குத் தூண்கள், சிவப்பு, பச்சை, மஞ்சள், எல்லாம் பளிங்கு. ஒரு விரல் அகலத்துக்குக்கூட வெறும் சுவர் இல்லை. தலை சுற்றியது. ஆசையும் வந்தது.

"எங்கட பீடத்தையும் இப்பிடிச் செய்யேலுமோ ரீச்சர்?"

"கல்லுக்கு எங்க போறது சுவாமி? நிறத்தில செய்யலாம்."

"ஆக்கள் கல் எண்டு நம்பினாக் காணும்."

சித்திர ரீச்சர் சாரத்தில் ஏறுவதா என்று கோயில் மூப்பர் யாக்கோப்பு முறைத்தார். முறைக்கட்டும்.

தேவை: காவி, பச்சைத்தூள், மஞ்சள்தூள், வச்சிரப் பசை, கரி. பளிங்கு நரம்பு இழுக்கக் கோழி இறகு ஆறு.

பீடத்தின் நாலு தூணிலும் பழைய காரையை மேசன் சவிரிமுத்து அண்ணை உடைத்துவிட்டார். புதுக்காரை நாளை விடிய. "நல்ல தண்ணி எடுப்பிச்சுத் தாங்கோ ரீச்சர். கோயில் கிணறு உவர், ஏலாது." விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் சுண்ணாம்பில் தண்ணீர் விடமாட்டாராம். பின்னேரம் வண்டிலில் இரண்டு பீப்பா வரும்.

மாதா பெருநாளுக்கு இன்னும் இருபத்துநாலு நாள்.

ஓகஸ்ட் 4, முதல் வெள்ளி

எழுதவா வேண்டாமா என்று இருக்கிறது. எழுதுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் பீப்பாக்கள் இறங்கின. வண்டில்காரர் போய்விட்டார். கோயில் வாசலில் மூன்று பெண்கள், வெறும் குடங்களோடு. நல்ல தண்ணீர்க் கிணற்றில் மத்தியானம் முழுக்க நின்றும் முறை வரவில்லையாம். ஒருத்தி திரேசா, சவிரி அண்ணையின் மனைவி. "பிள்ளையளுக்குக் குடிக்க ஒரு சொட்டு இல்லை ரீச்சர்." தூணுக்கு ஊற்ற இரண்டு பீப்பா, பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. யார்மீது என்று தெரியவில்லை.

குடங்களை நிரப்பச் சொன்னேன். போய்ப் போய் வந்தார்கள். பீப்பா இரண்டும் காலி. நாலு பேருமாகக் கோயில் கிணற்றில் இறைத்து நிரப்பினோம். கண்ணாடிமாதிரித் தெளிவான தண்ணீர். இது என்ன செய்துவிடப் போகிறது?

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. மாதா மேல ஆணை." மூவரும் ஆணை வைத்தார்கள்.

இன்று விடிய, பூசைக்கு முன் சவிரி அண்ணை குழைக்க வந்தார். முதல் வெள்ளி, நன்மை, அதாவது நற்கருணை, எடுக்கிற நாள். நன்மைக்கு முன் இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்கலாம், அவர் மட்டும் பழைய ஒழுங்கு. நடுச்சாமம் தொட்டு நாக்கில் ஒரு துளி படவிடமாட்டார். நனைத்த விரலை நாக்கில் வைக்காமல் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதானே ரீச்சர்?"

"ஓம்."

அவ்வளவுதான். பிறகு நானும் போய் நன்மை எடுத்தேன்.

ஓகஸ்ட் 12, சனி

நாலு நாளாகச் சாரத்தில். கழுத்து பிடித்துவிட்டது. இரண்டு தூண் சிவப்பு, இரண்டு பச்சை, மேல் வளைவு மஞ்சள். ஈர நிறத்தில் இறகை நடுங்கவிட்டு இழுத்தால் நரம்பு தானாக ஓடுகிறது. நேராக இழுத்தால் கயிறுமாதிரி. கை நடுங்கினால்தான் கல்.

கீழே இரண்டு கிழவிகள்: "உது உண்மைக் கல்லோடி?" "கப்பல்ல வந்ததாம்."

வயிறு குளிர்ந்தது. திரேசா பூ வைக்க வந்தாள், என்னைப் பார்க்காமல் போனாள்.

ஓகஸ்ட் 16, புதன்

சிவப்புத் தூணில் வெள்ளை நரம்புகள். மயிரிழைபோல, முறுக்கோடு சுற்றி ஏறுகின்றன. நான் இழுக்கவில்லை.

சுவாமி தபாலட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "அச்சொட்டு அதே! இந்த வெள்ளையை எப்பிடிக் கொண்டுவந்தனீர்?"

"இறகாலதான் சுவாமி."

இரண்டாவது பொய். முதலாவதைவிட லேசாக வந்தது.

ஓகஸ்ட் 18, வெள்ளி

கொடியேற்றம். கூட்டம். பூசை நடுவில் பீடத் துணியில் பொருக்குப் பொருக்காகத் தூணின் சிவப்பு விழுந்தது. பின்வரிசைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

பூசை முடிய சவிரி அண்ணை வந்தார். தூணை விரலால் தடவினார். பஞ்சுமாதிரி வெள்ளைத்தூள். நாக்கில் வைத்தார்.

"உப்பு."

மூப்பர் பின்னாலேயே நின்றார். "பீப்பாத் தண்ணி முடியக் கோயில் கிணத்தில அள்ளி விட்டிருக்கிறாய். தூரப் போய்க் காவப் பஞ்சிப்பட்டு!"

"நான் நல்ல தண்ணியிலதான் குழைச்சனான்."

"வாயில வைச்சுப் பாத்தனியோ?"

அண்ணை விரலில் இருந்த தூளைத் தட்டினார். ரீச்சர் சொன்னவ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவேளை வண்டில்காரர் ஏமாற்றினார், ரீச்சரும் ஏமாந்தா என்று நினைத்திருப்பார். நான் துணியால் தூணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நல்ல நடிப்பு.

ஓகஸ்ட் 20, ஞாயிறு

துடைக்கத் துடைக்க உப்புப் பூக்கிறது. காலை ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். பச்சைத் தூணிலும் தொடங்கிவிட்டது. கோயிற் பணியாள் சங்கிலித்தாம் பீடத் துணியைத் தினமும் மாற்றுகிறார், மாற்றும்போதெல்லாம் பெருமூச்சு.

மூப்பர் சொல்லிவிட்டார்: இந்த முறை பெருநாளில் மாதாவைத் தூக்கிவரும் கூட்டின் முன்தண்டு சவிரிக்கு இல்லை. அது அவருடைய அப்பா தூக்கிய தண்டு. முப்பது வருடமாக இவர் தோள். வலத்தோளில் காய்ப்புக்கூட உண்டு. சனிக்கிழமை வேஸ்பர் மாலைச் செபம் முடியப் பேர் வாசிப்பார்கள், அதில் இவர் பேர் இருக்காது.

வெட்கம். சத்தியமாக வெட்கம்.

ஓகஸ்ட் 22, செவ்வாய்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொன்னேன், முழுக்க. கிராதிக்கு அந்தப் பக்கமிருந்து சுவாமி கேட்டார்.

"வெள்ளை நரம்பும் அதுதானோ?"

"ஓம் சுவாமி."

"இதை வெளியில சொல்லும். இங்க கேட்டதைச் சொல்ல எனக்கு வாய் கட்டியாச்சு எண்டு உமக்குத் தெரியுந்தானே."

தெரியும். அதற்காகத்தான் அங்கே போய்ச் சொன்னேனா? சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டு எழும்பி வந்ததுபோல இருக்கிறது. மன்னிப்புக் கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை.

ஓகஸ்ட் 24, வியாழன்

காற்று விழுந்துவிட்டது, அவியுது. வச்சிரம் முடிந்தது.

கோயிலுக்குள் மூப்பர் சுவாமியிடம்: "சவிரியின்ர இடத்துக்கு வேற ஆளைப் போட்டாச்சு. சரிதானே சுவாமி?" சுவாமி தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பூசை உடுப்பு மாற்றும் அறைக்குள் போய்விட்டார். மூப்பருக்கு அது சம்மதம். சாரத்தில் இருந்த நான் ஒரு சொல் சொன்னால் போதும். இறகைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பின்னேரம் திரேசா வீட்டு வேலியடியில் போனேன். அவளே வெளியே வந்தாள்.

"அவருக்கு நான் சொல்லேல்லை. ஆணை வைச்சனான்."

"இவ்வளவு நாளும் கோபமோ திரேசா?"

"கோபமில்லை ரீச்சர். அந்த நல்ல தண்ணியிலதான் அண்டைக்கு அவருக்கும் சோறு காச்சினனான்."

திரும்பி வந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வசனம் கட்டினேன். எல்லாம் பள்ளிக்கூட வசனம்.

ஓகஸ்ட் 26, சனி

படுக்கப் போகமுன் எழுதிவிடுகிறேன்.

வேஸ்பர் முடிந்தது. தூண்களை விடிய வெள்ளாப்பிலேயே துடைத்தேன், மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்தால் மறுபடி வெள்ளை. மூப்பர் தாளை விரித்தார். முன்தண்டு இடப்பக்கம் ஒரு பேர். வலப்பக்கம் வேறொரு பேர். சவிரி அண்ணை வாசல் கதவோடு நின்றார், முகத்தில் ஒன்றுமில்லை. சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். அந்தச் சட்டைதான் என்னை எழுப்பியது.

எழும்பினேன். கட்டிய வசனம் ஒன்றும் வரவில்லை.

"தண்ணியை மாத்தினது நான். நல்ல தண்ணியைக் குடிக்கக் குடுத்திட்டுக் கோயில் கிணத்துத் தண்ணியை நிரப்பினனான். சவிரி அண்ணை கேட்டவர். நான் பொய் சொன்னனான்."

மூப்பர் சிரித்தார்.

"ரீச்சர், இரக்கப்பட்டு அவனைக் காப்பாத்தப் பாக்கிறியள். ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"அது சொல்லமாட்டன்."

"பாத்தியளோ?" சனத்தைப் பார்த்துக் கையை விரித்தார். பிறகு, "சுவாமி, உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

சுவாமியின் முகம் சிவப்புத் தூணைவிடச் சிவந்தது. பதில் சொல்ல அவருக்கு ஏலாது, அந்த வாயைக் கட்டியவள் நான்.

மூப்பர் தாளை மடித்தார். "அப்ப இது மெய்யெண்டு சொல்ல இங்க ஆரும் இருக்கினமோ?"

பெண்கள் பக்கம் யாரோ எழும்பும் சத்தம். திரேசா. முக்காட்டைச் சரிசெய்தாள். புருஷனைப் பார்க்கவில்லை, மாதாவைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள்.