உடும்பு ஜாடியின் அடிப்பக்கம்

ராஜபாளையம்
6.7.2025, ஞாயிறு

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

ஜாடியின் அடியில் முத்திரை எதுவும் இல்லை. நேற்று மாலை நானே முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு எட்வினும் பார்த்தான். எனவே இது உறுதியான செய்தி. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், சாரல் காற்று தொடங்கியதிலிருந்து அவளுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை, கர்த்தர் சிங்கப்பூரில் உன்னையும் அப்படியே வைத்திருப்பார் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீயும் அம்மாவும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள், நடுவில் என் தகவல்கள் நசுங்கிப் போகின்றன.

ஏலக் கம்பெனியில் கணக்குப் பிரிவிலிருந்து பீங்கான் பிரிவுக்கு மாறிய பிறகு நீ அனுப்பிய பாடங்களை எல்லாம் வீட்டில் சோதித்துவிட்டேன். நான் ரிடையர் ஆனபோது பத்திரிகை ஆபீசில் கொடுத்த நீலப்பூத் தட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னபடியே பூ முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஓரத்தில் ஒரு இலை பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த இலையோடு ஒட்டுகிறது. மெஷின் அச்சு. சீனத் தட்டு என்று இவ்வளவு நாள் வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினோமே என்றேன். அதற்கு அம்மா, செய்திக்காரங்க சரிபாக்காமயா குடுத்தாக என்று கேட்டுவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டாள். அதன் பிறகுதான் அடுக்களை மூலையில் இருக்கும் உடும்பு ஜாடியைச் சரியாகப் பார்த்தேன். அதன் மேல் இருப்பது உடும்பு இல்லை, டிராகன் என்று நீ படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாய். வயதுக்கு அதுவும் ஒரு தடயம் என்று அதன் கால் விரல்களை எண்ணச் சொன்னாய். மூன்று என்கிறான் எட்வின், நான்கு என்கிறாள் அம்மா, தேய்ந்திருப்பதால் நான் எதையும் எழுதத் தயாராக இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தவிட்டு நிற மெருகு தோளிலிருந்து பாகு மாதிரி வழிந்து, அடியைத் தொடாமல் பாதியில் நின்றிருக்கிறது. கயிறு கட்டுவதற்கு வைத்த காதுகளில் ஒன்றின் அடியில், ஈர மண்ணைக் கட்டை விரலால் அழுத்திய குழி அப்படியே இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், ஜாடியைச் செய்தவர் என்னைவிடச் சின்ன ஆள்.

அடியைப் பார்ப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. ஜாடியில் இந்த வருடத்து மாவடு முக்கால்வாசி இருக்கிறது, சாய்க்கவே கூடாது என்று உன் அம்மா உத்தரவு. ஆகவே நேராகத் தூக்கி இரண்டு முக்காலிகளின் மேல், நடுவில் இடைவெளி விட்டு வைப்பதென்று முடிவாயிற்று. மில்லில் பிட்டர் என்பதால் எட்வின் கயிற்றை முறையாகக் கட்டினான். அம்மா வாயில் கட்டிய துணியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். "ஆடாமத் தூக்குங்க. தண்ணி தளும்புச்சுன்னா ரெண்டு பேருக்கும் இந்த வருசம் மாவடு கெடையாது" என்றாள். தளும்பவில்லை. அடியில் மெருகு இல்லை, சொரசொரப்பான மண், மணல் ஒட்டியிருக்கிறது. சரக்கு ஏற்றும் ஜாடிகளுக்கு முத்திரை போடும் வழக்கம் குறைவு, இல்லாததால் போலி என்று ஆகாது என்று நீ முன்பே எழுதியிருந்ததால் நான் சோர்ந்து போகவில்லை.

உனக்குப் பிடிக்காத செய்தியையும் எழுத வேண்டும். நீ பயந்தபடி கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. அம்மா ஈரத்துணியால் துடைத்தாள், இன்று காலையில் மறுபடி பூத்திருந்தது. மெருகின் விரிசல் வழியே உப்புத்தண்ணீர் கசிந்து, காய்ந்து, நாளாவட்டத்தில் மெருகையே செதில் செதிலாகத் தள்ளிவிடும் என்று நீ விளக்கியதை அவளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் கசிந்த இடத்தை இன்னொரு தடவை துடைத்தாள். பிறகு, "எங்கப்பா பினாங்குல இருந்து கொண்டாரும்போதே அதுல உப்புல ஊறப்போட்ட கீரைதான் இருந்துச்சு. உப்புக்குன்னே செஞ்சத எடுத்துக் கண்ணாடி அலமாரியில பூட்டி வச்சா, அதுக்குப் பொறவு அது எனக்கு எதுக்கு?" என்றாள். பழசாக இருக்கக் கூடாது என்று அவள் ஜெபம் பண்ணுவதாகவே எனக்குச் சந்தேகம். பழசு என்று நீ சொல்லிவிட்டால் ஜாடி அடுக்களையை விட்டுப் போய்விடும் என்பதுதான் அவள் கவலை, வேறொன்றும் இல்லை.

உப்புக்கீரைத் தகவலுக்கு இரண்டாவது ஆதாரம் வேண்டும் என்று இன்று ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உன் தனுஷ்கோடி மாமாவைப் பார்த்தேன். அவர் பால்கோவா வாங்கி வைத்துக் காத்திருந்தார், டாக்டரிடம் சொல்லாதே. பினாங்கில் தாத்தா வேலை பார்த்த சீனர் மளிகைக்கடையில் கொடுத்தது என்பதை அவரும் உறுதி செய்தார். ஆனால் கீரை இல்லையாம், கருவாடாம், மூடியைத் திறந்த நாளில் தெருவே மூக்கைப் பிடித்ததாம். அம்மாவிடம் வந்து சொன்னேன், "அண்ணனுக்கு எதப் பாத்தாலும் கருவாடுதான்" என்கிறாள். ஆக கடை வரை இருவரும் ஒத்துப்போகிறார்கள், உள்ளே இருந்ததில்தான் தகராறு. எந்த ஊர் சூளை, எத்தனை வருடம் என்பதற்கு இதுவரை ஆதாரம் எதுவும் இல்லை.

சாப்பிட்ட பிறகு அம்மா தானாகவே ஒரு முடிவு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "மாவடு கார்த்திகையில தீந்துரும். பொறவு ஜாடிய நல்ல தண்ணியில ஊறப் போட்டு உப்ப எடுத்து வைக்கேன். ஆனா கையில எடுத்துப் பாக்காம வயசு சொல்லக் கூடாதுன்னு அவ ஆபீசு மேடமே சொல்லிருக்காகல்ல, அவளையே வந்து தொட்டுப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. பழசுன்னா நானே அலமாரியில வைக்கேன். போன்ல சொன்னா ஒத்துக்கிட மாட்டேன்." இதில் நான் மறுக்க எதுவும் இல்லை. உங்கள் தொழிலின் விதியே அவள் பக்கம் நிற்கிறது. போன கிறிஸ்துமஸுக்கும் அதற்கு முந்தியதற்கும் உனக்கு லீவு இல்லை என்பதும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, பொருள்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஜாடியின் வயது இன்னும் தெரியவில்லை. டிசம்பர் மூன்றாவது வாரம் தெரிந்துவிடும் என்று அம்மா இப்போதே எட்வின் வீட்டிலும் சபையிலும் சொல்லிவிட்டாள். அது உண்மைதானா என்று என்னைக் கேட்கிறார்கள். டிக்கெட் போட்டதும் எழுது, அதுவரை நான் எதையும் உறுதி செய்ய மாட்டேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
சாம்சன்